குடத்துக்குள் விட்ட கை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பள்ளியில் படிக்காத தமிழர் குறைவு. பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது விரிவாகச் சொல்கிறது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். இவ்வளவும் தேர்வுக்கு வந்திருக்கும், எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம்.

அந்த முறையில் ஒரு சிறுவனும் இருக்கிறான். பெயர்கள் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கிய பிறகு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. எதுவும் தெரியாது என்பதுதான் அவனுடைய தகுதி. அவன் அறியாமைதான் முழு முறைக்கும் நேர்மைச் சான்று. எடுத்துக் கொடுத்ததும் அவன் வேலை முடிந்தது. ஏரி வாரியத்தில் யார் இருந்தால் நல்லது என்று அவனிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் சபையில் உட்கார்ந்திருந்த எவரையும்விட அதிக ஆண்டுகள் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கப் போகிறவன் அவன்தான்.

கையை வாங்கிக்கொண்டு வாயை விட்டுவிடுவது என்பது அந்தக் காலத்தோடு போன வழக்கமில்லை. நான் பல ஆண்டுகளாக ஓரத்தில் நின்று பங்கெடுத்துவரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை வைத்தே அதை யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சுதந்திரம் என்ற சொல்லை இவ்வளவு கறாராக வரையறுத்த இயக்கம் வேறில்லை. ஒரு நிரலை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். இந்த நான்கு உரிமைகளுக்கும் வயது வரம்பு கிடையாது. பத்து வயதுப் பெண்ணுக்கும் எழுபது வயதுப் பேராசிரியருக்கும் ஒரே உரிமம்தான். அப்படியிருக்க, இளைஞர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று தனியாக எதற்குச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது, ஏனென்றால் வரலாறு கேட்பவர் பக்கம் இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸை அறிவித்தபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. ஐயன் மர்டாக் 1993-இல் டெபியனைத் தொடங்கியபோது அவருக்கு 20. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸின் முதல் பதிப்பு வந்தபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளேக் ராஸுக்கு 19. 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனே அப்போது 30 வயதுக்காரர்தான். உத்திரமேரூர்ச் சபையில் இவர்களில் ஒருவருக்கும் இடம் கிடைத்திருக்காது.

ஆகவே மூத்தவர்கள், ‘நாங்க யார்கிட்டயும் குரல் கேக்கலையே, வேலையைச் செஞ்சோம், தானா வந்துச்சு’ என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. மாவட்டத் தலைநகரம்கூட இல்லாத ஊரில் பொறியியல் படித்தவன் நான். வகுப்பில் வாய் திறக்கவே கூச்சப்பட்டவன். முதல்முறையாக ஒரு பிழைத்திருத்தத்தை எழுதி அனுப்பியபோது எந்தக் கல்லூரி, என்ன சாதி, இங்கிலீஷ் எப்படி வரும் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. திருத்தம் சரியா தப்பா என்று மட்டும் பார்த்தார்கள். அந்த மரியாதை அதுவரை எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அன்று நான் அனுப்பியது ஒரு கருத்து அல்ல, ஒரு திருத்தம். என் கை நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய ‘வெளியேற்றம், குரல், விசுவாசம்’ என்ற புத்தகம் இங்கே உதவுகிறது. ஒரு நிறுவனமோ கட்சியோ சரியில்லை என்றால் அதில் இருப்பவருக்கு இரண்டு வழிகள். வெளியே போகலாம், அல்லது உள்ளேயிருந்து குரல் கொடுக்கலாம். கடையில் அரிசி சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போவது முதல் வகை. ஊர்ப் பள்ளிக்கூடம் சரியில்லை என்று கூட்டம் போட்டுச் சண்டை பிடிப்பது இரண்டாவது. வெளியேறுவது சுலபமாக இருக்கும் இடத்தில் குரல் வளராமல் போகலாம் என்பது அவருடைய கூர்மையான கவனிப்பு. சண்டை பிடிக்கக்கூடியவர்களே முதலில் கிளம்பிவிடுவார்கள் அல்லவா?

கட்டற்ற மென்பொருள் இயக்கம் வெளியேறுவதை ஓர் உரிமையாகவே எழுதிவைத்த இயக்கம். பிடிக்கவில்லையா? மூலநிரல் இதோ. எடுத்துக்கொண்டு போ, தனிக்கிளை தொடங்கு. கம்பெனிகளின் பூட்டுக்கு எதிராக இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. ஆனால் இதே உரிமை உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சாக்காகவும் மாறிவிட்டது. வெளியே போகக் கதவு திறந்திருக்கும்போது நாங்கள் எதற்குக் காது கொடுக்க வேண்டும் என்ற மனநிலை மெல்ல வந்துவிட்டது.

லினக்ஸ் பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய இயங்குதளம் மினிக்ஸ். அதன் மூலநிரலைப் படிக்க முடியும். ஆனால் அது மாணவர்களுக்குப் புரியும் அளவில் சிறியதாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பயனர்கள் கேட்ட வசதிகளில் பலவற்றை அவர் சேர்க்கவில்லை. அது அவருடைய நியாயம். அப்படிக் கேட்டும் கிடைக்காத சூழலில்தான் ஹெல்சிங்கி மாணவர் தன்னுடையதைத் தானே எழுதிக்கொண்டார். 1992 ஜனவரியில் டானன்பாம், லினக்ஸின் வடிவமைப்பே காலாவதியானது என்று பொதுவெளியில் எழுதினார். அவருக்கு 47 வயது, டோர்வால்ட்ஸுக்கு 22. பையன் சூடாகப் பதில் எழுதினான். பேராசிரியர் அதற்கும் பதில் எழுதினார். நீ என் மாணவனாக இருந்திருந்தால் இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்று கேலி செய்தார். ஆனாலும் காரணங்களை அடுக்கினார்.

இந்தச் சண்டையை யார் ஜெயித்தார்கள் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, துறையே பாடப்புத்தகம் எழுதியவராக அறிந்த ஒரு பேராசிரியர், பட்டம்கூட வாங்காத ஒரு மாணவனுக்குக் காரணம் சொல்லித் தர்க்கம் செய்தார் என்பதே. ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பதில் சொல்லத்தக்கவன் என்று நினைத்தார். குரல் என்பது அதுதான் என்று நினைக்கிறேன். நான் சொல்வது நடக்க வேண்டும் என்பதில்லை. நான் சொன்னதற்கு ஒரு காரணத்தோடு பதில் வர வேண்டும்.

இன்னொன்றும் மாறிவிட்டது. 1991-இல் வெளிவந்த லினக்ஸின் முதல் நிரல் சுமார் 10,000 வரிகள். இன்றைய லினக்ஸ் கருநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அன்று அது காலி மனை. கையில் கொத்துக்கரண்டி இருந்தவன் சுவர் எழுப்பிவிடலாம். இன்று அது குடியிருப்புகள் நிறைந்த நகரம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் ‘பிடிக்கலைன்னா நீயே தனியா ஒண்ணு கட்டிக்கோ’ என்று சொல்வது சட்டப்படி சரி. நடைமுறையில் அதற்கு ‘வாயை மூடு’ என்றுதான் அர்த்தம்.

என் அண்ணன் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். படம் வரைவதற்கு அவள் பயன்படுத்துவது ஒரு கட்டற்ற மென்பொருள். அதை விளையாட்டாகத் தமிழுக்கு மாற்றிவைத்திருந்தாள். ஒருநாள் கேட்டாள், “சித்தப்பா, இதுல ‘அடைவைத் தேர்ந்தெடு’ன்னு வருதே, அது என்ன? எங்க ஸ்கூல்ல அடைவுத் தேர்வுன்னு ஒண்ணு வெப்பாங்க. அதுவா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. டைரக்டரி என்பதற்கு ‘அடைவு’ என்று தமிழ் லினக்ஸ் ஆர்வலர்கள் வைத்து வெகுகாலமாகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் உழைப்பும் யோசனையும் உண்டு. ஆனால் இன்றைய பள்ளிப் பிள்ளைக்கு அடைவு என்றால் கற்றல் அடைவு, மதிப்பெண். பாடப்புத்தகத்தில் அவள் படிப்பது ‘கோப்புறை’. இரண்டும் ஒன்றில்லை என்று கணினிக்காரர்கள் வாதாடலாம். ஆனால் படம் வரைபவளுக்கு அந்த வேறுபாடு எதற்கு?

“எழுதிப் போடேன்” என்றேன். போட்டாள். கூடவே கண்ணில் பட்ட அறுபது எழுத்துப்பிழைகளையும் திருத்தி அனுப்பினாள். அறுபதும் இரண்டே நாளில் ஏற்கப்பட்டன, நன்றியோடு. ‘அடைவு’ பற்றிய கேள்விக்கு ஐந்து வாரம் கழித்து ஒரு வரி வந்தது. இது ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது, வேண்டுமானால் உங்கள் கணினியில் மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று. அத்தோடு கேள்வி மூடப்பட்டது.

“தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட பரவால்ல சித்தப்பா. ஏன்னு சொல்லலியே” என்றாள். அதற்குப் பிறகு அவள் மென்பொருளை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஹிர்ஷ்மன் சொன்ன வெளியேற்றம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்பதில்லை. தமிழில் ஒரு பயனர் குறைந்தார் என்பது அந்தத் திட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த வரியை எழுதியவர் கெட்டவர் இல்லை. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு பைசா வாங்காமல் உட்கார்ந்து செய்கிற ஆளாக இருக்கும். பிழைத்திருத்தத்தை ஏற்க ஒரு நிமிடம் போதும். காரணம் எழுத அரைமணி நேரம் வேண்டும். நூறு பேர் கேட்டால் நூறு அரைமணி. குரல் கொடுப்பவருக்குச் செலவில்லை. கேட்பவருக்குத்தான் செலவு. இளைஞர்களுக்காகப் பேசும் கட்டுரைகள் இந்தச் செலவைப் பற்றிப் பேசுவதில்லை. அதனாலேயே மூத்தவர்கள் அவற்றைப் படித்து எரிச்சலடைகிறார்கள்.

செலவைத் தவிர்க்க ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. இளைஞர்களுக்கென்று தனியாக ஒரு மேடை போட்டுக் கொடுத்துவிடுவது. நம் ஊர்க் கட்சிகளின் இளைஞரணியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடி பிடிக்கவும் சுவரொட்டி ஒட்டவும் ஓர் அணி, முடிவெடுக்க வேறொரு அறை. மென்பொருள் உலகிலும் இதன் கண்ணியமான வடிவம் உண்டு. கூகுள் 2010 முதல் 2019 வரை 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக கோட்-இன் என்ற போட்டியை நடத்தியது. சிறு சிறு வேலைகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள், முடித்தால் பரிசு. பல நல்ல நிரலாளர்கள் அதன் வழியாக வந்திருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த வேலை செய்யத்தக்கது என்று பட்டியல் போட்டவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் குடத்துக்குள் கைவிட்டு எடுத்தார்கள்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்க நிரலுக்குள் யாரோ பின்வாசல் வைத்திருப்பது தெரியவந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். இல்லையென்றால் உலகின் எண்ணற்ற சர்வர்களின் கதவு திறந்து கிடந்திருக்கும். வைத்தது ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கிய கணக்கு. புதிய ஆளாக வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, தனியாளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றுப் பொறுப்பை வாங்கிய கணக்கு. நடுவில் வேறு சில கணக்குகள் வந்து, பராமரிப்பாளர் மெதுவாக இருக்கிறார், புது ஆளை விடுங்கள் என்று நெருக்கின. ‘புதியவர்களை உள்ளே விடு’ என்ற குரலே ஆயுதமாக்கப்பட்டது. இதற்குப் பிறகும் முகம் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இடம் கொடு என்று எப்படிச் சொல்வது?

இந்த வாதத்தைப் பல நாள் மனதில் புரட்டிப் பார்த்தேன். அது காட்டுவது வேறொன்று என்றே தோன்றுகிறது. ஜியா டான் இயக்கத்தின் ஏணியை ஒவ்வொரு படியாக, ஒழுங்காக ஏறி வந்த கணக்கு. பேசாதே, உழை, காத்திரு, நம்பிக்கை தானாக வரும் என்பதுதான் அந்த ஏணி. அது அளப்பது பொறுமையை, நேர்மையை அல்ல. அரையாண்டுத் தேர்வு இருக்கும் பிள்ளையால் இரண்டு ஆண்டுகள் அப்படி ஏற முடியாது. முழுநேர வேலையாக அதைச் செய்ய வசதி உள்ள சதிகாரனால் முடியும்.

இதைவிட முக்கியமானது, குரலையும் சாவியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது. வெளியீட்டில் கையொப்பமிடும் அதிகாரம் சாவி. அதை யாருக்கும் எளிதில் தரக்கூடாது, வயது எதுவானாலும். மென்பொருள் எந்தத் திசையில் போகிறது, எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது, யாருக்காக எழுதப்படுகிறது என்பதில் கேட்கப்படும் உரிமை குரல். ஏணியின் உச்சியில் சாவியோடு சேர்த்துத்தான் குரலும் கிடைக்கும் என்று வைத்தால், குரல் வேண்டியவர்கள் எல்லோரும் சாவிக்காக ஏறியாக வேண்டும். ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது.

இரண்டையும் பிரிக்க முடியாது என்றில்லை. டெபியன் ஓரளவு பிரித்துக் காட்டியிருக்கிறது. தன் தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் திட்டம் அது. அதன் சாசனத்தில் வயது பற்றி ஒரு வரி கிடையாது. 2010-இல் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, நிரல் பொதிகளைப் பராமரிக்காத மொழிபெயர்ப்பாளர்கள், ஆவணம் எழுதுபவர்கள் போன்றோரையும் முழு உறுப்பினர்களாக ஏற்பது என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்கு வாக்கு உண்டு, பொதிகளை ஏற்றும் அனுமதி கிடையாது. அது இளைஞர்களை மனதில் வைத்துச் செய்ததல்ல. ஆனால் குரல் வேறு, சாவி வேறு என்று ஒரு பெரிய திட்டம் ஒப்புக்கொண்டது அங்கேதான். அதற்குப் பிறகு டெபியன் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

காரணம் சொல்லும் செலவையும் குறைக்கலாம். எடுத்த முடிவை, எடுத்தபோதே, ஏன் எடுத்தோம் என்று பத்து வரி எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டால், நூறு பேருக்கு நூறு முறை விளக்க வேண்டியதில்லை. எந்தச் சூழல் மாறினால் அதை மறுபடி எடுத்துப் பேசலாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டால், ‘முடிவு செய்யப்பட்டது’ என்பது சுவராக இல்லாமல் கதவாக இருக்கும். ‘அடைவு’ வைக்கப்பட்டபோது பள்ளிகளில் அடைவுத் தேர்வு என்ற பேச்சு இவ்வளவு புழக்கத்தில் இல்லை. சூழல் மாறிவிட்டது. அதைக் கவனிக்க அங்கே ஒரு பதினாறு வயதுக்காரி தேவைப்பட்டாள். எங்களால் முடிந்திருக்காது. நாங்கள் அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டோம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் பேச முதிர்ச்சி உண்டா? இந்தக் கேள்வியே தவறான இடத்திலிருந்து புறப்படுகிறது. குரலுக்கு அடிப்படை திறமை மட்டும் அல்ல, பாதிப்பும்தான். பிறர் தேர்ந்தெடுத்த மென்பொருளுக்குள் பிள்ளைகள் அளவுக்கு அகப்பட்டு வாழும் கூட்டம் இன்று வேறில்லை. எனக்கு ஒரு செயலி பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடுவேன். பள்ளி ஒரு செயலியைச் சொன்னால் அவளால் நீக்க முடியாது. வருகைப்பதிவு அதில், வீட்டுப்பாடம் அதில், பேருந்து எங்கே வருகிறது என்பதும் அதில். 2023-இல் நம் நாட்டில் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் அங்கேயும் வாய் பெற்றோருடையது.

ஸ்டால்மனின் பிரிண்டர் கதை இந்த இயக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லோர் திரையிலும் தகவல் வரும்படி மாற்றலாம் என்று மூலநிரலைக் கேட்டார். வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவர், யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஏற்படுத்திய கோபம் பின்னாளில் அவர் எழுப்பிய இயக்கத்தின் வேர்களில் ஒன்று. நாம் அந்தப் பிரிண்டரையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது தாத்தா காலத்துக் கதை.

போன மாதம் அண்ணன் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “உனக்கு எதும்மா பிரிண்டர்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. ஸ்கூல் ஆப் என்றாள். மார்க் வந்த அடுத்த நிமிஷம் அவளுக்கு முன்னால் அப்பாவுக்கு அறிவிப்பு போய்விடுகிறதாம். “என் மார்க், எனக்குத்தான கடைசியா தெரியுது. அஞ்சு நிமிஷம் முன்னாடி எனக்குக் காட்டுன்னு மாத்த முடியாதா சித்தப்பா?” என்றாள். அதன் மூலநிரல் யாருக்கும் கிடைக்காது என்றேன். “அப்ப அந்தத் தாத்தாவுக்கு ஆன அதேதான” என்றாள்.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருள் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். நான்கு உரிமைகளையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறேன், பிரிண்டர் கதையும் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை உரிமைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். முதலில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, உங்கள் பிரிண்டர் எது என்று எழுதச் சொல்ல வேண்டும். வந்த தாள்களைக் குலுக்கிப் போட்டு ஒன்றை மட்டும் எடுக்காமல், எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். நேரம் ஆகும்தான்.